பெயருள்ள நாய்க்கு ஒரு படம்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தாம் ஆசையோடு வளர்த்த பிராணியைப் பற்றி ஒருவர் நூல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நூலுக்குப் படம் யார் வரைவது, எப்படி வரைவது? இலக்கியத் தொடரில் பேசுவதற்கு இதுவும் ஒரு பொருளா என்று உங்களிற் சிலர் முகம் சுளிக்கக் கூடும். நானும் ஒரு காலத்தில் அப்படி இருந்தவன்தான். என்னைத் திருத்தியவள் பத்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. எங்கள் பாடசாலைத் தமிழ் மன்றச் சஞ்சிகைக்கு நான் பொறுப்பாசிரியர். நுவரெலியாவுக்குக் கீழே உள்ள தோட்டமொன்றிலிருந்து வரும் அந்தப் பிள்ளை, தங்கள் லயத்து நாயைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை எழுதித் தந்தாள். நாயின் பெயர் மணி. செம்பட்டை நிறம். இடது காதின் நுனி காட்டுப் பன்றியோடு நடந்த தகராறில் போய்விட்டது. பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் திரும்பும் நேரத்தில், மணி இஸ்தோப்பை விட்டு இறங்கி, கானின் ஓரக் கல்லில் நாடியை வைத்துப் படுத்திருக்குமாம். வருகிற கூடைகளில் அம்மாவின் கூடை எது என்று அதற்குத் தெரியுமாம். மற்றக் கூடைகளுக்குக் கண்ணை மட்டும் அசைக்கும். அம்மாவின் கூடைக்கு உடம்பு முழுவதையும் அசைக்கும் என்று எழுதியிருந்தாள். நல்ல தமிழ். நான் ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை.

ஆனால், ஒரு பிழை செய்தேன். பக்கத்தின் அடியில் நாலு அங்குல இடம் மிஞ்சியது. அச்சகத்துக் கணினியில் இருந்த நாய்ப் படங்களுள் ஒன்றைக் காட்டி, ‘இதைப் போடுங்கள்’ என்றேன். நிமிர்ந்த காது, மினுமினுத்த ரோமம், கழுத்திலே பட்டி, பின்னணியில் வெட்டிவிட்ட புல்வெளி. சஞ்சிகை வெளியான அன்று எல்லாப் பிள்ளைகளும் தங்கள் பெயரைத் தேடிப் பார்த்து மகிழ்ந்தார்கள். அவள் மட்டும் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

“இது எங்க மணி இல்ல சேர்.”

“நாய் என்று விளங்கினால் போதாதா பிள்ளை?” என்றேன் நான்.

அவள் ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். அன்றிரவு எனக்கு அந்தச் சொல் குத்தியது. நாய் என்று விளங்கினால் போதும் என்று சொன்னவன் யார்? வகுப்பிலே இருபது வருடமாக, பொதுப்படையாக எழுதாதே, குறிப்பாக எழுது, கண்டதை எழுது என்று தொண்டை வற்றக் கத்துகிறவன். எழுத்துக்கு ஒரு நீதி, படத்துக்கு ஒரு நீதியா?

யோசித்துப் பார்த்தால், இந்தப் பொதுப்படை நம் மரபிலேயே ஊறியது. தொல்காப்பிய மரபியல் உயிரினங்களின் இளமைக்கு ஒன்பது பெயர் வகுக்கிறது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்பன அவை. நாய், பன்றி, புலி, முயல் நான்குக்கும் குருளை என்பதே பெயர். எவ்வளவு நுணுக்கமான கண்! ஆயினும் அது இனத்தைக் காணும் கண். இந்த நாய், அந்த நாய் என்று பிரிப்பதில்லை. தனிப் பெயரோடு நிற்கும் பிராணிகள் நம் பழைய இலக்கியத்தில் மிகச் சிலவே. காரி வள்ளலின் குதிரைக்கும் காரி என்றும், ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றும் பெயர் இருந்ததைச் சிறுபாணாற்றுப்படையால் அறிகிறோம். நாய்க்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. தருமரோடு கடைசிவரை நடந்து சென்ற நாய்க்குக் கூடப் பெயர் சொல்வாரில்லை. அடியார்கள் தம்மைத் தாழ்த்திக்கொள்ள ‘நாயேன்’ என்றார்கள். பைரவருக்கு வாகனமாகவும் வைத்தோம்; வாசலில் கண்டால் கல்லும் எடுத்தோம்.

இலக்கியம் செய்யாததை ஒரு கல் செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் எடத்தனூர் என்றோர் ஊர். செங்கம் வட்டார நடுகற்களை ஆராய்ந்தவர்கள் அங்கே கண்ட கல் அது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக நட்டது. வீரனோடு ஒரு நாயையும் அதிலே செதுக்கியிருக்கிறார்கள். அத்தோடு விடவில்லை. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுத்திலும் பொறித்து வைத்தார்கள். படமும் உண்டு, பெயரும் உண்டு, கதையும் உண்டு. தம் ஊர் நாயைப் பற்றித் தமிழர் வெளியிட்ட படம் போட்ட நூல் என்று நான் இதையே சொல்வேன். ஒரே பக்கம், அதுவும் கல்லாலானது. அந்தச் சிற்பி கோவிவனை நேரே கண்டவனா என்று கேட்டால் என்னிடம் விடை இல்லை. ஆனால் பெயரைப் பொறிக்கச் சொன்ன ஊரார் நிச்சயம் கண்டவர்கள். ‘ஒரு நாய் கடித்தது’ என்று எழுதினால் அவர்களுக்குப் போதவில்லை.

எங்கள் நுவரெலியாவுக்கும் இப்படி ஒரு பழைய நாய்க் கதை உண்டு. அது வேறு மாதிரியானது. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் காய்ச்சலில் வாடிய உடம்பைத் தேற்ற இந்த மலைக்கு வந்து, பின் 1848இல் குடும்பத்தோடும் குடியேற்றக்காரர்களோடும் கப்பலேறி வந்து பண்ணை அமைத்தார். மனிதரோடு மாடும் வந்தது, வேட்டை நாய்க் கூட்டமும் வந்தது. ஹோர்ட்டன் சமவெளியில் பேக்கர் அருவி பார்க்கப் போகிறோமே, அதே பேக்கர்தான். மரைகளை நாய்களை விட்டு விரட்டிக் கத்தியால் குத்திக் கொன்றவர். இலங்கையில் தாம் துப்பாக்கியோடும் வேட்டை நாயோடும் திரிந்ததை அவர் எழுதிய நூல் 1850களில் இலண்டனில் வெளிவந்தது. அந்த வேட்டையை நான் புகழ மாட்டேன். எனினும் ஸ்மட், கில்பக், பிரான், லூசிபர் என்று அவர் தம் நாய்களைப் பெயர் சொல்லி எழுதுவதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொன்றின் இனக் கலப்பு, உடற்கட்டு, குணம், வேட்டையில் அது பட்ட காயம், பலவற்றின் சாவு என்று, உறவினரைப் பற்றி எழுதுவது போல எழுதுகிறார். அதே ஆண்டுகளில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்து, வழியிலேயே மடிந்த நம் முன்னோர் எத்தனையோ பேர். அவர்களின் பெயர்களை எழுதி வைத்தவர் இல்லை. ஸ்மட் என்ற நாயை நமக்குத் தெரியும். நம் பாட்டனுக்குப் பாட்டனைத் தெரியாது. இதைச் சொல்லும்போது எனக்கு அந்த நாயின் மேல் கோபமில்லை.

பெயர் சொல்லி எழுதுவது ஒரு பாதி. பார்த்து வரைவது மறு பாதி. அந்த மறு பாதியில் உலகம் அறிந்த உதாரணம் பியற்றிக்ஸ் பொட்டர். இலண்டனில் வசதியான வீட்டில் வளர்ந்த பெண். முயல், எலி, முள்ளம்பன்றி போன்ற சிறு பிராணி எனப் பலவற்றை வளர்த்தவர். பீற்றர் என்பது அவர் வளர்த்த முயலின் பெயர். 1893ஆம் ஆண்டு செப்ரெம்பர் 4ஆந் திகதி, நோயில் படுத்திருந்த ஒரு சிறுவனுக்குக் கடிதம் எழுதினார். என்ன எழுதுவதென்று தோன்றாமல் ஒரு முயல் குடும்பத்தின் கதையைப் படத்தோடு எழுதினார். பிற்காலத்தில் அந்தக் கடிதத்தையே இரவல் வாங்கி நூலாக்கினார். பதிப்பகங்கள் திருப்பி அனுப்பியதால் 1901இல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். மறு ஆண்டு ஒரு பதிப்பகம் வண்ணப் படங்களோடு வெளியிட்டது. அந்த 250 பிரதிகள் வருவதற்கு முன்னரே, அதே 1901 சனவரியில், முயல் பீற்றர் இறந்துவிட்டது. உலகக் குழந்தைகள் எல்லாரும் அறிந்த அந்த முயல் தன் புத்தகத்தைக் காணவில்லை.

அந்தப் படங்களில் முயல் நீலச் சட்டை போட்டிருக்கும். சட்டைக்குள் இருப்பது மெய்யான முயல் என்பதே அதன் சிறப்பு. தோளெலும்பு எங்கே மடியும், பின்கால் எப்படி உதைக்கும் என்பதில் ஒரு பிழை காண முடியாது. சிறு வயதில் அவரும் தம்பியும் இறந்த பிராணிகளை அவித்து எலும்புக்கூட்டைப் பிரித்தெடுத்து வரைந்து பழகியவர்கள். கேட்கக் கொஞ்சம் அருவருப்பாக இருக்கும். ஆனால் ‘ஐயோ பாவம், என் செல்லம்’ என்ற கண்ணீர் மட்டும் வைத்துக்கொண்டு வரைந்தால், கண் பெரிதாகும், மூக்குச் சிறிதாகும், எல்லா முயலும் ஒரே பொம்மை முயலாகிவிடும். நான் அச்சகத்தில் தேர்ந்தெடுத்தேனே, அதுவும் அந்த இனம்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேறொரு நாய் பதிலாக நிற்பது எப்போதும் பிழை என்று நான் சொல்ல வரவில்லை. வேர்ஜினியா வூல்ஃப் 1933இல், எலிசபெத் பரெட் என்ற கவிஞரின் ‘ஃப்ளஷ்’ என்னும் நாயின் வரலாற்றை எழுதினார். ஃப்ளஷ் முந்திய நூற்றாண்டு நாய். அதனால் நூலின் புகைப்படத்துக்கு வூல்ஃபின் சொந்த நாய் பிங்கா நின்றது. சில படங்களைத் தமக்கை வனெஸா பெல் வரைந்து கொடுத்தார். செத்துப்போன நாயின் இடத்தில் தம் மடியில் படுத்த நாயை நிறுத்தினார்கள். மணியோ உயிரோடு, பாடசாலையிலிருந்து ஆறு மைல் தூரத்தில் படுத்திருந்தது. எனக்கு அந்தச் சாட்டு இல்லை.

நம்மவரிடத்து வருவோம். தமிழ்நாட்டில் இதற்கு ஒருவரைச் சொல் என்றால் மா. கிருஷ்ணனைத்தான் சொல்வேன். ‘பத்மாவதி சரித்திரம்’ நாவலை எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை, 1912இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த ஃபைசன் என்ற பேராசிரியரோடு நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் செடி பார்க்கப் போனவர். அந்தப் பேராசிரியரின் மனைவியிடம் நீர்வண்ணம் தீட்டும் முறையைப் பழகிக்கொண்டார். எழுத்தும் சித்திரமும் அவருக்கு இப்படி ஒரே வயதில் கைவந்தன.

1942இல் பெல்லாரிக்கு அருகில் சந்தூர் என்ற சிறு சமஸ்தானத்தில் வேலைக்குப் போனார். ஆசிரியராக இருந்தார், நீதிபதியாக இருந்தார், மன்னருக்குச் செயலாளராகவும் இருந்தார். நடுவிலே ஆடு மேய்த்தும் பார்த்தார். புறாக்களை வளர்த்து அவற்றைக் கொண்டு தபால் அனுப்ப முடியுமா என்றும் முயன்றார்! நீதிபதி ஆடு மேய்ப்பதை அந்த ஊரார் எப்படிப் பார்த்திருப்பார்களோ! சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் சென்னைக்குத் திரும்பினார். 1950 முதல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இரு வாரத்துக்கு ஒரு முறை இயற்கை பற்றிய பத்தி எழுதினார். 1996இல் மறையும் வரை, 46 ஆண்டுகள். யானையும் காட்டெருமையும் மட்டுமல்ல, கொல்லைப்புறத்து அணிலும் காகமும் வீட்டில் வளர்ந்தவையும் அந்தப் பத்தியில் இடம்பெற்றன. கூடவே அவர் கையால் வரைந்த கோட்டுச் சித்திரங்களும் வந்தன.

இவர் பேர்பெற்ற புகைப்படக்காரர் என்பதையும் நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். பல உறுப்புகளை ஒட்டவைத்துத் தாமே உருவாக்கிய பெரிய கமராவைத் தூக்கித் திரிந்தவர். அப்படிப்பட்டவர் ஏன் வரைந்தார்? புகைப்படம் ஒரு கணத்தைப் பிடிக்கிறது. பழகிய பிராணியிடம் நாம் காண்பது ஒரு கணத்தையல்ல, அதன் வழக்கத்தை. ஆடு ஒன்று தினமும் எப்படித் தலையைச் சாய்த்து இலையை இழுக்கும் என்பது நூறு நாள் பார்த்தவனுக்குத் தெரியும். நூறு நாளையும் ஒரு கோட்டில் வைக்கக் கைக்கு முடியும், கமராவுக்கு முடியாது. அச்சுக் காரணமும் உண்டு. பத்திரிகைத் தாள் சொரசொரப்பானது. பென்சிலின் மெல்லிய சாயல்கள் அதிலே கறைபோல் அப்பிவிடும். மையால் இழுத்த கோடு நிற்கும். கிருஷ்ணனின் படத்தில் தேவையில்லாத கோடே இருக்காது. புறாவின் கழுத்து வளைவுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். தம் பேத்திக்காக அகரவரிசையில் விலங்குகளைப் பற்றிப் பாட்டும் படமுமாக அவர் செய்து கொடுத்தது, அவர் மறைவுக்குப் பின் நூலாக வந்திருக்கிறது. தமிழில் அவர் எழுதிய கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து 2002இல் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற பெயரில் வந்தது. நம் பாடசாலை நூலகங்களில் இருக்க வேண்டிய புத்தகம்.

கவிஞரே ஓவியராகவும் இருந்தால் என்னவாகும் என்பதற்கு இந்தியில் மகாதேவி வர்மா இருக்கிறார். ‘தீபசிகா’ என்ற கவிதை நூலுக்குத் தாமே ஓவியம் தீட்டியவர். தாம் வளர்த்த பிராணிகளைப் பற்றி 1972இல் ‘என் குடும்பம்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு மயில், ஒரு மான், ஒரு பசு, ஒரு நாய் எனப் பலர். ஓர் அணிற்குஞ்சும் உண்டு. காகங்கள் கொத்திய அந்தக் குஞ்சைப் பூச்சட்டிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து எடுத்து, பஞ்சுத் திரியில் பாலை நனைத்து வாயில் வைத்துப் பிழைக்க வைத்தார். கில்லு என்று பெயரிட்டார். அவர் எழுத உட்கார்ந்தால் அது காலருகே வந்து, திரைச்சீலையில் ஏறி, திரும்ப இறங்கி ஓடி விளையாட்டுக் காட்டும். கடைசி இரவில் சில்லிட்ட காலால் அவர் விரலைப் பற்றிக்கொண்டு கிடந்தது. இதை வாசிக்கும்போது தூரிகை பிடித்த கண்தான் இப்படிப் பார்க்கும் என்று தெரிகிறது. திரை எங்கே, கட்டில் எங்கே, பூக்கூடைக் கூடு எங்கே தொங்குகிறது என்று அறை முழுவதும் துலங்கும். தனிப் பிராணி வெறும் வெள்ளைத் தாளில் நிற்பதில்லை. அதற்கு ஒரு வீடு இருக்கிறது.

இந்த விடயங்களையெல்லாம் நான் தேடி வாசித்தது, உண்மையைச் சொன்னால், அந்தப் பிள்ளையிடம் பட்ட வெட்கத்தால். ஒரு வாரம் கழித்து அவளை அழைத்து, “மணியை நீயே வரை. கட்டுரையையும் பெரிதாக எழுது. சிறு புத்தகமாகச் செய்வோம்” என்றேன். “எனக்குச் சித்திரம் வராது சேர்” என்றாள். “மணி நித்திரை கொள்ளும்போது வரை, அப்போது அசையாது” என்று சொல்லி, ஒரு கொப்பியும் கறுப்புப் பேனையும் வாங்கிக் கொடுத்தேன்.

தவணை விடுமுறையில் ஒன்பது படம் வரைந்திருந்தாள். நித்திரை மணி, பாதி விழித்த மணி, அடுப்புக்குப் பக்கத்தில் சுருண்ட மணி. அதற்குள் பனி மாதம் வந்தது. ஒரு விடியற்காலையில் மணியைக் காணவில்லை. தேயிலை மலைகளில் சிறுத்தை நாயைத் தூக்கிக்கொண்டு போவது எங்கள் பக்கத்தில் புதிய செய்தியல்ல. தேயிலைச் செடிகளுக்கு நடுவே தேடினார்கள். கழுத்துக் கயிறு மட்டும் கிடைத்தது. பிள்ளை நாலைந்து நாள் பாடசாலைக்கு வரவில்லை.

வந்தபின் அவள் மிச்சப் படங்களைத் தானாகவே வரைந்தாள். நான் கேட்கவில்லை. அந்தக் கொப்பியை இப்போதும் எடுத்துப் பார்ப்பதுண்டு. முதல் ஒன்பது படங்களில் கால்கள் சரியாக இருக்கின்றன, பார்த்து வரைந்தவை. பிந்திய ஏழில் கால்கள் பிசகு. ஒரு படத்தில் ஐந்தாவது கால் போல ஒன்று வயிற்றுக்கடியில் தொங்குகிறது. எங்கள் சித்திர ஆசிரியர் நல்ல மனுஷர். பென்சிலால் திருத்திக் காட்டினார். அவள் கால்களைத் திருத்த ஒத்துக்கொண்டாள். காதைத் தொட விடவில்லை. அந்த ஏழு படத்திலும் காதின் கிழிசல் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருக்கிறது. அதை அவள் அளந்து வரையவில்லை.

கால் சரியான படங்கள் நல்லவையா, காது சரியான படங்கள் நல்லவையா என்று நானும் சித்திர ஆசிரியரும் இன்னும் தர்க்கம் பண்ணுகிறோம். அவர் முதல் ஒன்பதின் பக்கம். பார்த்து வரைந்ததற்கு நிகரில்லை என்பார். நான் ஒரே ஒரு படத்துக்காக மற்றப் பக்கம். அதில் மணி கான் ஓரத்துக் கல்லில் நாடியை வைத்துப் படுத்திருக்கிறது. பாதையில் ஏழெட்டுக் கூடைகள் வருகின்றன. கூடைகளுக்குக் கீழே ஆட்கள் கூட இல்லை, வெறும் கூடைகள். நாய் நிற்கும் உயரத்திலிருந்து பார்த்தால் முதுகுக் கூடைதான் தெரியும் என்று வைத்துக்கொண்டாளா, ஆள் வரையத் தெரியாமல் விட்டாளா, நான் கேட்கவில்லை.

பதினாறு படத்தோடும் இருபத்து நான்கு பக்கம். போட்டோக் கொப்பி எடுத்து, நடுவிலே கம்பி குத்தி, நாற்பது பிரதி செய்தோம். முதல் பிரதியை அவள் அம்மாவுக்குக் கொடுக்க லயத்துக்குப் போயிருந்தேன். அந்த அம்மாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க நேரம் எடுக்கும். படங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போனார். கூடைப் படத்தில் விரலை வைத்தார்.

“நான் மூணாவதா வர்றேன் பாத்தீங்களா சேர்? வாலு தூக்கிருச்சு.”

நான் அதுவரை அந்த வாலைக் கவனிக்கவில்லை.

அடுத்த ஆண்டுச் சஞ்சிகையின் கடைசிப் பக்கத்தில் பிழை திருத்தம் என்று சிறு எழுத்தில் ஒரு பகுதி போட்டோம். இரண்டு எழுத்துப் பிழைகள், ஒரு பெயர் மாற்றம். நாலாவதாக நானே எழுதிச் சேர்த்தது: சென்ற இதழின் 31ஆம் பக்கத்தில் அச்சான நாய், மணி அல்ல.